ஆன்டிகனி பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், நாங்கள் படித்த காலத்தில் எழுதித் தள்ளிய அதே வரிகள் அப்படியே வருகின்றன. தன் சகோதரன் பாலினைசீஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்று தீப்ஸ் நகரத்தின் புதிய ஆட்சியாளர் கிரயோன் போட்ட தடையை மீறும் ஆன்டிகனியின் கதை அது. பெயர்க் குழப்பங்களை விட்டுவிடுகிறேன். இரண்டாவது முறை படிக்கும்போது அவை தாமாகவே சரியாகிவிடும்.

மூன்று நாடகங்களையும் ஒரே தொடராக்குவது

ஆன்டிகனி ஏறத்தாழ கி.மு. 441-இல் மேடையேறியது. ‘ஈடிபஸ் மன்னன்’ அதற்குப் பிறகு வந்தது. ‘கொலோனஸில் ஈடிபஸ்’ ஆசிரியர் இறந்த பின் கி.மு. 401-இல்தான் அரங்கேறியது. முதல் நாடகத்தில் தந்தை ஈடிபஸ் பழியோடு செத்தார் என்கிறாள் ஆன்டிகனியின் தங்கை இஸ்மீனி. கடைசி நாடகத்திலோ ஈடிபஸ் ஏதென்ஸ் மண்ணில் மதிப்போடு மறைகிறார். ஒன்றின் இடைவெளியை இன்னொன்றை வைத்து நிரப்பாதீர்கள்.

கிரயோனை முதல் வரியிலேயே வில்லனாக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவர் ‘கிரயோன் என்ற கொடுங்கோலன்’ என்று கட்டுரையைத் தொடங்கியிருந்தார். ‘சரி, அப்படியானால் தீப்ஸ் நகரத்து முதியவர்கள் ஏன் உடனே எதிர்க்கவில்லை?’ என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் எழுதிய மீதிப் பக்கங்களிலும் இல்லை.

முந்தின நாள் வரை நகரம் முற்றுகையில் இருந்தது. ஆர்கோஸ் படையைக் கூட்டிவந்தவன் பாலினைசீஸ், அதாவது சொந்த ஊர்க்காரன். நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் மதிப்பதில்லை என்று புதிய ஆட்சியாளர் பேசும்போது, ஏதென்ஸ் பார்வையாளர்கள் தலையாட்டியிருப்பார்கள். கி.மு. 343-இல் ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் இதே பேச்சை நீதிமன்றத்தில் நல்ல அறிவுரையாகவே வாசிக்கவைத்தார். எதிராளி ஈஸ்கினிஸ் ஒரு காலத்தில் கிரயோன் வேடம் கட்டிய நடிகர். ‘நீ பேசிய வசனத்தையே மறந்துவிட்டாயே’ என்று குத்திக்காட்டத்தான்.

துரோகிக்குத் தங்கள் மண்ணில் இடமில்லை என்பதும் ஏதென்ஸ்காரர்களுக்குப் பழகிய விதிதான். அந்த உடலை எல்லைக்கு வெளியே போட்டுவிடுவார்கள். கிரயோன் அதோடு நிற்கவில்லை. உடலை ஊருக்குப் பக்கத்திலேயே நாய்க்கும் பறவைக்கும் விட்டு, யாரும் தொடக்கூடாது என்றார். எல்லை மீறியது அங்கே. பறவைகள் கொத்திவந்த சதையால் பலிபீடங்கள் தீட்டாகிவிட்டன என்று பிறகு குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் சொல்வதும் இதைத்தான்.

நியாயமாகத் தொடங்கிய ஒருவர் படிப்படியாக இறுகுவதைப் பார்த்தால்தான், ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்ட மகன் ஹீமனோடு நடக்கும் சண்டை புரியும். ஒரே ஆளுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்கிறான் மகன். நகரம் ஆள்பவனுடையதுதானே என்கிறார் தந்தை. கடைசியில் மனம் மாறுகிறார். முதலில் பெண்ணை விடுவி, பிறகு கல்லறை எழுப்பு என்று முதியவர்கள் சொல்கிறார்கள். அவரோ முதலில் பிணத்தைக் கவனித்துவிட்டு, ஆன்டிகனியை அடைத்துவைத்த குகைக்குப் போகிறார். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். அரசியல், குடும்பம், தெய்வம் என்று நீங்கள் பிரித்துப் பிரித்து எழுதும் கருப்பொருள்கள் எல்லாம் மோதுவது இந்த வரிசை மாற்றத்தில். வில்லன் என்று ஒதுக்கியவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கோரஸ் சொல்வதெல்லாம் சோஃபக்ளீஸின் கருத்து என்பது

இல்லை. கோரஸ் என்ற பாடற்குழுவினர் கிரயோன் கூப்பிட்டனுப்பிய அந்த முதியவர்கள்தான்.

‘எல்லாம் விதி’

ஈடிபஸ் வம்சத்தின் சாபத்தைக் கோரஸ் பாடுகிறது, உண்மை. ஆனால் தடை போட்டது கிரயோன்.

ஆன்டிகனியை மனசாட்சியின் சிலையாக்குவது

எழுதப்படாத தெய்வ நியதி பற்றிய அவள் பேச்சை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சாகப்போகும் முன் சொல்வதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ என்றால் இதைச் செய்திருக்க மாட்டேன், பெற்றோர் இறந்துவிட்டதால் இன்னொரு சகோதரன் இனிப் பிறக்க மாட்டான். இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நல்லது என்று ஜெர்மன் கவிஞர் கதேயே (Goethe) ஆசைப்பட்டார். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே அவை இருந்தன, அவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். பழியில் பங்கேற்க வந்த இஸ்மீனியை அவள் எவ்வளவு கடுமையாக விரட்டுகிறாள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ரத்த உறவுக்காகச் சாகத் துணிந்தவள், உயிரோடிருக்கும் தங்கையிடம் பேசும் பேச்சு அது.