இளைஞர் அமைப்பில் மாற்றுக் கருத்தைக் கையாள்வது எப்படி? புதிய பொறுப்பாளர்களுக்கான செய்முறை விளக்கம்

இளைஞர் அமைப்பு ஒன்றில் முதன்முறையாகச் செயலாளராகவோ தலைவராகவோ பொறுப்பேற்றிருக்கிறீர்களா? கணக்கு நோட்டைக் கையில் வாங்கும்போதே, உங்களோடு ஒத்துப்போகாத உறுப்பினர்களும் உங்கள் பொறுப்புக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "பொறுத்துப் போ" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பதற்குப் பெயர் சகிப்புத்தன்மை அல்ல. எதிரே நிற்பவருக்கு அது நன்றாகவே தெரியும். மேலும், பொறுமை ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குப் பின் வருபவருக்கு அது இல்லாமல் போகலாம். ஆகவே மாற்றுக் கருத்துக்கான இடத்தைப் பொறுப்பாளரின் குணத்தை நம்பி விடாமல், அமைப்பின் நடைமுறையிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

படி 1: தகராறு வருவதற்கு முன்பே எல்லையை எழுதி வையுங்கள்

சண்டை வந்தபின் போடும் விதி, யாரோ ஒருவரைக் குறிவைத்துப் போட்டதாகவே தெரியும். அமைதியான நேரத்தில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, பொதுக்குழுவில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முடிவு, திட்டம், செலவு, பொறுப்பாளரின் செயல்பாடு என எதையும் உறுப்பினர் விமர்சிக்கலாம். ஒருவரின் பிறப்பு, மதம், பாலினம், உடல், குடும்பம் ஆகியவற்றை இழுக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பொய் என்று தெரிந்தே குற்றம் சாட்டக் கூடாது.

"பொருளாளர் மூன்று மாதமாகக் கணக்குக் காட்டவில்லை" என்பது விமர்சனம். கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல் "பொருளாளர் திருடன்" என்பது அவதூறு. முதலாவதைச் சொன்னவரை இரண்டாவதைச் சொன்னவர்போல நடத்துவதில்தான் பல அமைப்புகள் சறுக்குகின்றன.

"மரியாதையாகப் பேச வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பிடிக்காதவர் குரலை உயர்த்தினாலே மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட முடியும்.

படி 2: பேசும் வரிசையை மாற்றுங்கள்

தலைவர் தம் கருத்தை முழுதாகச் சொல்லிவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், தலையாட்டுவதைத் தவிர மற்றவர்களுக்கு வேலை இல்லை.

1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா பின்னால் நின்று நடத்திய படையெடுப்பு சில நாட்களிலேயே தோற்றது. அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிஞ்சருக்குத் தொடக்கத்திலிருந்தே அந்தத் திட்டத்தில் உடன்பாடு இல்லை. எதிர்ப்பைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். முக்கியமான கூட்டங்களிலோ வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகப் பின்னாளில் வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபரில், சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் நெருக்கடி வந்தபோது, கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். தாம் இல்லாத இடத்தில் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதே காரணம்.

உங்கள் கூட்டத்தில் அணு ஆயுதம் பற்றி முடிவெடுக்கப் போவதில்லை; தலைவர் வெளியேறவும் வேண்டாம். புதிய உறுப்பினர்கள் முதலில், நிர்வாகிகள் பிறகு, தலைவர் கடைசியில் என்று வைத்தாலே போதும். கூச்சப்படுபவர்களுக்குத் துண்டுச் சீட்டு கொடுங்கள். "இந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதனால் தோற்றது?" என்று கேட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் பரவலாக்கிய முறை இது. எதிர்க்கிறேன் என்று எழுந்து நிற்கத் தயங்குபவர்கூட இதைத் தயங்காமல் எழுதுவார்.

படி 3: முதல் எதிர்ப்புக் குரலுக்குப் பதில் சொல்லும் விதம்

மற்ற படிகளில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் சமாளிக்கலாம். இதில் முடியாது.

ஆண்டு விழாச் செலவைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண் எழுந்து, "மேடை அலங்காரத்துக்கு இவ்வளவு பணம் தேவையா? அதில் பாதியை நூலகத்துக்குத் தரலாமே" என்கிறார். அறையில் சலசலப்பு. மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, நீ இப்போதுதானே வந்திருக்கிறாய். கொஞ்ச நாள் போகட்டும், உனக்கே புரியும்" என்கிறார். அவர் திட்டவில்லை, பாசமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்துவிடுகிறார். அதே எண்ணத்தோடு கையைத் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் செயலாளர் உடனே குறுக்கிட வேண்டும். முதலில் அந்தப் பெண்ணிடம்: "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று சொல்லுங்கள். விழாவே வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. அலங்காரச் செலவைக் குறைத்து, மிச்சத்தை நூலகத்துக்குத் தரலாம் என்கிறீர்கள், இல்லையா?" அவர் ஏதாவது திருத்தினால், திருத்தியபடியே மறுபடி சொல்லுங்கள். தாம் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் விவாதம். அடுத்து மூத்தவரிடம்: "அண்ணா, அவர் எப்போது சேர்ந்தார் என்பது இருக்கட்டும். அலங்காரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று முதலில் பார்த்துவிடலாமா?" யாரையும் அவமானப்படுத்தாமல் பேச்சு ஆளைவிட்டுப் பொருளுக்குத் திரும்பிவிடுகிறது.

பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். "போன ஆண்டின் ரசீதுகளை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்" என்றால் போதும், வைக்கவும் வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பரிசீலனை எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் உறுப்பினர்களாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை, ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு அவர்களுக்கு அளிக்கிறது. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்கிவிட முடியாது.

படி 4: இரண்டாவது குரலைத் தேடுங்கள்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் ஓர் ஆய்வு நடத்தினார். சில கோடுகளைக் காட்டி, முதலில் காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று மாணவர்களிடம் கேட்டார். பார்த்தாலே தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் அனைவரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். கூடிப் பேசிவைத்துத் தவறான கோட்டைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்ட மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், இப்படி ஒத்து ஊதுவது வெகுவாகக் குறைந்தது.

ஆகவே ஒருவர் எதிர்த்துப் பேசியதும், "இதே ஐயம் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், நிரப்ப முயலாதீர்கள்.

சில அமைப்புகளில் எதிர்த்துப் பேசவென்றே ஒருவரை நியமிப்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நடிப்புக்கு எதிர்ப்பவரைவிட, உண்மையாகவே மாறுபடுபவர்தான் குழுவைக் கூடுதலாக யோசிக்க வைக்கிறார் என்று சார்லன் நெமத் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார்.

படி 5: வாக்கெடுப்பும் கூட்டக் குறிப்பும்

எப்போது பேச்சை முடிப்பது? அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதிகளின்படி, விவாதத்தை நிறுத்திவிட்டு வாக்கெடுப்புக்குப் போகச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். உங்கள் விதிகளிலும் இதைச் சேர்க்கலாம்.

கூட்டக் குறிப்பில் "ஏகமனதாக நிறைவேறியது" என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடாதீர்கள். "ஆதரவு 17, எதிர்ப்பு 4. அலங்காரச் செலவு அதிகம் என்பது எதிர்த்தவர்கள் கூறிய காரணம்" என்று எழுதினால் கூடுதலாக ஒரு வரிதான் ஆகும். தோற்றவருக்குத் தம் பேச்சு காற்றோடு போகவில்லை என்ற நிறைவாவது கிடைக்கும்.

படி 6: முடிவுக்குப் பிறகு

வாக்கில் தோற்றவர் மனம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடிவான வேலைக்கு அவர் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். அதற்கு ஈடாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வேலைகளைப் பிரிக்கும்போது அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான அமைப்புகளில் எதிர்த்தவரை யாரும் நீக்குவதில்லை. அவருக்குத் தகவல் சொல்லாமல் மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். எந்தத் தேதியில் முடிவை மறுபடி அலசுவது என்பதையும் அன்றே குறித்துவிடுங்கள். அவர் சொன்னது சரி என்று தெரியவந்தால், அதைக் கூட்டத்திலேயே எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

படி 7: வாட்ஸ்அப் குழு

காரசாரமான விவாதத்துக்கு அது ஏற்ற இடம் அல்ல. "நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்" என்று பதில் போடுங்கள். பதிவை நீக்கும் முடிவையோ ஆளை வெளியேற்றும் முடிவையோ அட்மின் தனியாக எடுக்கக் கூடாது. விமர்சனத்துக்கு உள்ளானவரே அட்மினாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

படி 8: எல்லை மீறினால்

தீர்ந்துபோன விஷயத்தையே ஒவ்வொரு கூட்டத்திலும் கிளறுபவர் இருப்பார். புதிய தகவல் இருந்தால் மட்டும், அல்லது குறித்த கால இடைவெளிக்குப் பிறகு மட்டும், மறுபடி எடுக்கலாம் என்று விதி வையுங்கள். மிரட்டலோ இழிவுபடுத்தலோ நடந்தால் தயங்காமல் நடவடிக்கை எடுங்கள். எந்தச் செயலுக்காக என்று குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். பதிலளிக்கப் போதிய அவகாசம் தர வேண்டும். புகாரில் சம்பந்தப்பட்ட எவரும் விசாரிக்கும் குழுவில் இருக்கக் கூடாது. பொதுக்குழுவில் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும்.

சிலர் எல்லா வாய்ப்பும் இருந்தும் கோபித்துக்கொண்டு விலகிவிடுவார்கள். போகட்டும். பிறகு திரும்பி வர விரும்பினால் மன்னிப்புக் கடிதம் கேட்காதீர்கள். புதிதாகச் சேர்பவருக்குக் கொடுக்கும் படிவத்தையே கொடுங்கள்.