குடும்பம் பத்தி மார்க்சியம் சொல்றத உங்க வீட்டு அடுப்புல இருந்தே படிக்கலாம்

சோசியாலஜி படிக்கிற பசங்க இத மனப்பாடம் பண்ணாதீங்க ப்ளீஸ், ஒரு நாள் நோட்டு எடுத்து வீட்ல யார் என்ன வேலை செய்றாங்கன்னு மணியோட எழுதுங்க. குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க வரிசையா இருக்கற எங்க லைன் வீட்ல நான் எழுதினப்ப, அம்மா நாலரைக்கு எந்திரிச்சு அந்தக் குளிர்ல விறகு பத்த வெச்சு, தண்ணி காய வெச்சு, எல்லாருக்கும் சோறு கட்டிட்டு அப்புறம்தான் கொழுந்து பறிக்கப் போறாங்க, சாயந்தரம் வந்தா மறுபடி அதே அடுப்பு.

இப்ப ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல கூலி உண்டா இல்லையான்னு போடுங்க. கொழுந்துக்கு கூலி உண்டு, அடுப்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்தச் சோறு இல்லாம நாளைக்கு யாரும் தோட்டத்துக்குப் போக முடியாது, அடுத்த தலைமுறை கூலியாளுங்கள வளர்த்து விடறதும் அதே அம்மாதான், முதலாளிக்கு இதெல்லாம் ஓசி. மார்க்சியப் பெண்ணியவாதிங்க சொல்றதுல எனக்கு முக்கியமாப் படறது இதான், இத விட்டுட்டு பதில் எழுதாதீங்க.

அடுத்து சொத்து, பட்டா யார் பேர்லன்னு கேளுங்க. தனிச்சொத்து வந்தப்புறம் அத தன் பிள்ளைக்கே விடணும்னு ஆம்பள நினைச்சதுலதான் ஒருதாரக் குடும்பம் உருவாச்சுன்னு மார்க்சோட கூட்டாளி எங்கெல்ஸ் 1884ல எழுதினார். அவர் அமெரிக்க மானிடவியல்காரர் மோர்கனோட ஆய்வ நம்பி எழுதினது, பின்னாடி வந்த மானிடவியல்காரங்க அதுல நிறைய மறுத்திருக்காங்க, அதையும் சேர்த்துக்கங்க.

கடைசியா நோட்ட அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க. எங்கம்மா கேட்டுட்டு, "பைப்புல இருந்து தண்ணி தூக்கினத எழுதலயேடா"ன்னாங்க.