தேசியப் பூங்காக்களுக்கு ஒரு பேரேடு: சென்று வந்ததைக் கணக்கில் வைக்கும் முறை

இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்தும் தமிழ்நாட்டில் உள்ளவை. காரைக்குடி, தேவகோட்டை என நம் செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் ஊட்டிக்கும் மூணாறுக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வரும்போது இவற்றில் சிலவற்றின் ஓரத்தையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புகின்றன. இருந்தும், இதுவரை எத்தனை தேசியப் பூங்காக்களுக்குச் சென்றிருக்கிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்பவர்கள் மிகச் சிலரே. எது தேசியப் பூங்கா, எது சென்றதாகக் கணக்கு என்ற இரண்டையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாததே அதற்குக் காரணம். இவ்விரண்டையும் தீர்த்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், பிறகு யார் கேட்டாலும் ஏட்டைத் திறந்து காட்டக்கூடிய கணக்காக அது நிற்கும்.

முதலாவது கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், பாதுகாப்பு ஒதுக்ககம் ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருக்கிறது. ஒரே காட்டின் மீது இரண்டு மூன்று அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம் என்பதால்தான் குழப்பம் வருகிறது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலையும் 2021இல் அந்தத் தகுதியைப் பெற்றது. இவை மூன்றுமே மதிப்பு மிக்க காடுகள் என்றாலும் தேசியப் பூங்காக்கள் அல்ல. டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் சென்று கன்னிமரா என்ற பெருந்தேக்கைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதையும் தேசியப் பூங்கா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது கேரளத்தின் சரணாலயமும் புலிகள் காப்பகமும் ஆகும். (செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்த நம் ஊர்க்காரர்கள், உயிரோடு நிற்கும் அந்த மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்க எத்தனை பேர் வேண்டும் என்பதை ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.)

ஆனைமலை இன்னும் நுணுக்கமானது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மொத்தப் பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதற்குள் இந்திரா காந்தி தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டிருப்பதோ கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 117 சதுர கிலோமீட்டர் அளவுதான். எனவே வால்பாறைச் சாலையில் போய்வந்த ஒருவர் புலிகள் காப்பகத்துக்குள் இருந்திருப்பார், தேசியப் பூங்காவுக்குள் கால் வைத்திருக்கமாட்டார். இந்த வேறுபாட்டை மதிக்கப் போகிறீர்களா, அல்லது காப்பகத்துக்குள் நுழைந்தாலே போதும் என்று வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்பது உங்கள் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் அதை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, எல்லாப் பூங்காக்களுக்கும் ஒரே விதியைக் கடைப்பிடியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நான் பரிந்துரைக்கும் விதி இது: அறிவிக்கப்பட்ட எல்லைக்குள், வனத்துறையின் அனுமதியோடு, பூங்காவைப் பார்ப்பதற்கென்றே நுழைந்திருக்க வேண்டும். நடந்தாலும், வனத்துறை வண்டியில் போனாலும், படகில் போனாலும் சரி. வேறு ஊருக்குப் போகும் பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்து யானையைப் பார்த்திருந்தாலும் அது வழிப்பயணம்தான். இந்தக் கடுமை அவசியமற்றது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகும் சாலையை எண்ணிப் பாருங்கள்: தெப்பக்காட்டைக் கடந்து சற்று நேரத்தில் முதுமலை முடிந்து பந்திப்பூர் தொடங்கிவிடுகிறது, வண்டியை விட்டு இறங்காமலேயே இரண்டு பூங்காக்கள் கணக்கில் ஏறிவிடும். மூணாற்றிலும் அப்படியே. இரவிகுளம், ஆனமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என நான்கு தேசியப் பூங்காக்கள் அங்கே சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. வட்டவடைக்குப் போகும் சாலை பாம்பாடும் சோலைக்குள்ளேயே செல்கிறது. ஒரே வாரக் கடைசியில் எண்ணைப் பெருக்கிக்கொள்வது அங்கே மிக எளிது, அப்படிப் பெருகிய எண்ணுக்கு மதிப்பும் அவ்வளவுதான்.

அதே விதி கிண்டியில் வேறு விதமாக வேலை செய்யும். பல்லவன் விரைவு வண்டியில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். வெளிமானும் புள்ளிமானும் வாழும், ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவின் உட்பகுதி வேறு. பொதுமக்கள் நினைத்த நேரத்தில் அதற்குள் நடக்க முடியாது. சிறுவர் பூங்காவோடு திரும்பியிருந்தால், ‘ஓரம் மட்டும்’ என்று குறித்து எண்ணிக்கைக்கு வெளியே வைப்பதுதான் முறை. நீலகிரியின் மேற்கு விளிம்பில் வரையாடுகளுக்காகப் பேணப்படும் முக்கூர்த்திக்கும் சுற்றுலா வாயில் என்று ஒன்று கிடையாது. தனி அனுமதி பெற்றவர்கள் மட்டுமே செல்ல முடியும். ஆகவே தமிழ்நாட்டின் ஐந்தையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தை முதலிலேயே கைவிட்டுவிடுங்கள். சில இடங்கள் நம் காலடி படாமல் இருப்பதே அவற்றுக்கு நல்லது. அவற்றின் வரியைப் பேரேட்டில் எழுதி, தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவைக்கலாம்.

இனி ஏட்டுக்கு வருவோம். செட்டிநாட்டில் தொழில் நடத்தியவர்கள் அன்றாடத்தைச் சிட்டையில் எழுதிப் பிறகு பேரேட்டில் ஏற்றினார்கள். இந்தக் கணக்குக்கும் அந்த முறை அப்படியே பொருந்துகிறது. சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு ஒன்று காட்டில் எழுதுவதற்கு. கெட்டி அட்டை போட்ட பெரிய ஏடு ஒன்று வீட்டில் எழுதுவதற்கு. சிட்டையில் பென்சிலால் எழுதுங்கள், மழையிலும் கடல் தெறிப்பிலும் மை கரைந்துவிடும். ஊர் திரும்பிய இரண்டொரு நாளில் பேரேட்டில் ஏற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் எந்த வாயிலில் நுழைந்தோம், எந்த ஓடையைக் கடந்தோம் என்பவை மறந்துபோகும்.

பேரேட்டில் ஒரு பூங்காவுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே பூங்காவின் பெயர், மாநிலம், பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றை எழுதியபின், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பத்தி போதும். நுழைந்த தேதி, நுழைந்த வாயில், உள்ளே இருந்த நேரம், சென்ற விதம், உடன் வந்தவர்கள், வானிலை ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டியவை. பார்த்த உயிரினங்களை எழுதும்போது கண்ணால் கண்டது, குரல் கேட்டது, கால்தடமோ எச்சமோ பார்த்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். வழிகாட்டி சுட்டிக்காட்டிய பக்கம் புதர் அசைந்ததைச் சிறுத்தை என்று எழுதுவது கணக்கைக் கெடுக்கும். காணாததையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நமக்கு ரயிலிலேயே எட்டிவிடும் மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். 1986இல் அறிவிக்கப்பட்ட இந்தக் கடல்சார் தேசியப் பூங்கா, மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்டது. அவற்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது தெரியும் கடலை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போய்வந்தால் அது வருகை. அன்றைய பத்தி இப்படி அமையலாம்: ‘குந்துகால் படகுத்துறை, காலைப் படகு, தெற்குக் காற்று, நீர் சற்றுக் கலங்கல், ஆழம் குறைந்த இடத்தில் கடற்புல்லும் பவளமும் கண்டது, கரையோரம் உள்ளான் பறவைகள், இனம் பிரித்தறியவில்லை, ஆவுளியா (கடற்பசு) காணவில்லை.’ ‘நீர் கலங்கல்’ என்ற அந்தச் சொல்தான், அடுத்த முறை எந்த மாதத்தில் போகலாம் என்று முடிவெடுக்க உதவும்.

நுழைவுச்சீட்டை ஏட்டில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். எனினும் இப்போது பல வாயில்களில் தரப்படுவது வெப்பத்தால் அச்சாகும் வழுவழுப்பான தாள். நம் ஊர் வெயிலில் ஒரு கோடை கடப்பதற்குள் எழுத்து மங்கிப் பழுப்பு நிறத் துண்டாகிவிடுகிறது. ஈரப் பசை பட்டால் இன்னும் விரைவாக மங்கும். அன்று இரவே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, சாதாரணத் தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். சீட்டைத் தவிர வேறு எதையும் காட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டாதீர்கள். மயில் இறகு, முள்ளம்பன்றி முள், பவளத் துண்டு, சங்கு எதுவாக இருந்தாலும் தேசியப் பூங்காவிலிருந்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரே பூங்காவுக்கு மறுபடி போனால் புதிய பத்தி எழுதுங்கள், பூங்கா எண்ணை மாற்றாதீர்கள். பூங்காக்களின் எண்ணிக்கை, வருகைகளின் எண்ணிக்கை என இரண்டு தொகைகளை வைத்துக்கொண்டால், புதிய இடங்களைத் தேடி ஓடுவதைவிடத் தெரிந்த காட்டுக்கு வேறொரு பருவத்தில் போவதற்கும் மதிப்புக் கிடைக்கும். பெயர் மாற்றங்களிலும் கவனம் வேண்டும். 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் தொடங்கி, இடையில் ராம்கங்கா என்று மாறி, 1950களிலிருந்து கார்பெட் என்று வழங்குவது ஒரே பூங்கா. நாகரஹொளேயும் ராஜீவ் காந்தி தேசியப் பூங்காவும் ஒன்றே. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் ஒன்றை இருமுறை எண்ண நேராது.

பழைய பயணங்களைச் சேர்க்க விரும்புவோர் ஆவணங்களிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாப் படத்தின் பின்புறம், ரயில் முன்பதிவுச் சீட்டு, அப்பச்சியின் நாட்குறிப்பு, கைபேசிப் படங்களில் பதிந்திருக்கும் தேதி என்று எது கிடைத்தாலும் உதவும். சான்று கிடைத்தவற்றை மையால் எழுதுங்கள். ஆச்சியோ அம்மாவோ நினைவிலிருந்து சொல்வதைப் பென்சிலால் எழுதி, சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். எட்டு வயதில் தேக்கடிப் படகில் தூங்கிக்கொண்டே போனதை எண்ணுவதா என்றால், எண்ணலாம் என்பேன். ஆனால் ‘மறுபடி பார்க்க வேண்டியது’ என்று ஓரத்தில் குறி போடுங்கள்.

பேரேட்டின் பின்பக்கங்களைச் சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். இல்லையென்றால் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வேட்டங்குடிக்கு ஏட்டில் இடமே இல்லாமல் போகும். 1977இல் பறவைகள் சரணாலயமான அந்தக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக, கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பூங்காக்களைத் தேடித் தொலைவு போகும் முன், மார்கழிக் காலையில் அந்தக் கரையில் நின்று சிட்டை எழுதப் பழகுங்கள்.

கணக்கைக் கூகுள் ஷீட்டில் வைத்துக்கொள்ள விரும்பினால் பேரேட்டின் தலைப்புகளையே அதிலும் இடுங்கள். பிறரோடு பகிரும்போது கூடுகளும் குட்டிகளும் இருக்கும் சரியான இடத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தை பிறந்ததும் ஐந்தொகை போடுவதுபோல உட்கார்ந்து இரண்டு தொகைகளையும் கூட்டிச் சரிபாருங்கள். புதிய பூங்காக்கள் அறிவிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் நாட்டின் மொத்தப் பட்டியலையும் அப்போது புதுப்பித்து, பட்டியலைப் பார்த்த தேதியை மேலே எழுதுங்கள். அடுத்து போகவிருக்கும் பூங்கா மூடியிருக்கும் மாதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் இரவிகுளமும், மழைக்காலத்தில் காசிரங்காவும் மூடப்படுகின்றன. எழுதி முடித்த ஏட்டை இரும்பு அலமாரியில், கரையானும் பூச்சியும் அண்டாமல் இரண்டு துண்டு வசம்போடு வையுங்கள். வசம்பின் மணம் குறைந்ததும் மாற்றிவிடுங்கள்.