குடும்பத்தோடு ஆசாத்ரு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடின், தோர், ஃப்ரெய் போன்ற பழைய வடஐரோப்பியத் தெய்வங்களை இன்றும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சமயத்துக்கு ஆசாத்ரு என்று பெயர். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கிய ஆசாத்ரு சங்கத்துக்கு அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் கிடைத்தது. இன்று அதில் ஐயாயிரம் பேருக்கு மேல் உறுப்பினர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் இவர்கள் சின்னச் சின்னக் குழுக்களாக இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஒருவர் தனியாகப் படித்து, தனியாகவே இந்த வழிக்கு வருகிறார். பிறகு கணவன் மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் என்று மற்றவர்களையும் சேர்க்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன.

வீட்டு வழிபாட்டை மட்டமாக நினைப்பது அதில் முக்கியமானது. பெரிய தீ, ஊதுகொம்பு, ஐம்பது பேர் கூடிய ப்ளோட் என்னும் படையல் சடங்கு, இதெல்லாம் இருந்தால்தான் வழிபாடு என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிக்வாத்ர் என்ற கிறிஸ்தவக் கவிஞர் நார்வே அரசரின் வேலையாக ஸ்வீடனுக்குப் போனார். இரவு தங்க இடம் கேட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஒரு வீட்டுப் பெண், உள்ளே ஆல்வ்கள் என்னும் சிறு தெய்வங்களுக்குப் படையல் நடக்கிறது, ஓடினின் கோபத்துக்கு அஞ்சுகிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். அவரே பாடி வைத்த செய்தி இது. வீட்டுக்குள், வீட்டாரோடு மட்டும் நடந்த சடங்கு அது. ஆகவே இரண்டு பிள்ளைகளோடு சமையலறை மேசையில் ரொட்டியும் பாலும் வைத்துக் கும்பிடுகிற குடும்பம் எதிலும் குறைந்துபோகவில்லை. எல்லாச் சடங்குக்கும் ஊரைக் கூப்பிட வேண்டியதும் இல்லை. அளவுக்கு மீறிப் படைப்பதைவிட வேண்டுதலே செய்யாமல் இருப்பது மேல் என்று, ஓடினின் வாக்காகச் சொல்லப்படும் ஹாவமால் என்ற பழம்பாடல் தொகுப்பே சொல்கிறது.

கூட்டாகச் செய்யும்போது அதிகம் கவனிக்க வேண்டியது சும்பெல். எல்லோரும் வட்டமாக உட்கார, தேன்மது நிரம்பிய கொம்பு கைமாறி வரும். பல குழுக்களில் முதல் சுற்று தெய்வங்களுக்கு, இரண்டாவது முன்னோருக்கு, மூன்றாவது சுற்றில் அவரவர் நன்றியோ சபதமோ சொல்வார்கள். கொம்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் கேட்டவர்கள் எல்லோரையும் கட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் ஒருவர் சபதத்தைக் காப்பாற்றாவிட்டால் அதன் பாரம் குழு முழுவதற்கும்தான். இது தெரியாமல், வந்த உற்சாகத்தில் புதியவர் ஒருவர் பெரிய சபதம் செய்துவிட்டால் எல்லோருக்கும் சங்கடம். சில குழுக்களில் சபதத்தை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கென்றே ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துக் கோபப்படுவது தவறு, அவர் காப்பாற்றுவது உங்களையும்தான். விருந்தினரை அழைப்பவர் இதை முன்னாலேயே விளக்கிவிட வேண்டும். பேச விருப்பமில்லாவிட்டால் நன்றி மட்டும் சொல்லிக் கொம்பைக் கைமாற்றலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருகிறவர் இருக்கலாம், கர்ப்பிணி இருக்கலாம், பிள்ளைகள் இருப்பார்கள். ஆப்பிள் சாறு ஊற்றிய இன்னொரு கொம்பு பக்கத்தில் இருந்தால் யாரும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் சபதம் வாங்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காக அவர்களை மூலையில் உட்கார வைக்கவும் வேண்டாம். படையலை எடுத்து வரலாம், கதை சொல்லலாம், மரத்தடியில் பாலை ஊற்றலாம். ஐஸ்லாந்து சங்கத்தில் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் சடங்கு உண்டு. வளரிளம் பருவத்தில் விருப்பப்பட்டுக் கற்றுக்கொண்டு செய்யும் சடங்கும் தனியாக இருக்கிறது. விருப்பப்பட்டு என்பதுதான் அதில் உயிர்.

முன்னோர் வழிபாட்டில்தான் ஆபத்தான தவறு ஒளிந்திருக்கிறது. தாத்தா பாட்டியை நினைப்பதில் தொடங்கி, 'எங்கள் ரத்தம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள்' என்று போய் முடிகிற குழுக்கள் உண்மையாகவே இருக்கின்றன. பிற இனத்தில் பிறந்த மருமகளையும் தத்தெடுத்த பிள்ளையையும் வாசலிலேயே நிறுத்துகிற பேச்சு இது. இதை எதிர்த்து 2016இல் பல நாடுகளின் குழுக்கள் சேர்ந்து '127ஆம் அறிக்கை' என்ற ஒன்றை வெளியிட்டன. தீமையைக் கண்டால் தீமை என்று சொல் என்னும் ஹாவமாலின் 127ஆம் பாடலிலிருந்து வந்த பெயர் அது. ஐஸ்லாந்து சங்கமும் இனவெறிக்குத் தன் சமயத்தைப் பயன்படுத்துவதை வெளிப்படையாக மறுத்திருக்கிறது. ஆகவே ஒரு குழுவுக்குக் குடும்பத்தை அழைத்துப் போகும் முன், யார் யாரைச் சேர்ப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பிள்ளைகளோடு அங்கே போகாதீர்கள்.

நம்பாத துணையை வற்புறுத்துவதும் வேண்டாம். விருந்துக்கு மட்டும் வந்து உட்கார்ந்தாலே அது பங்கேற்புதான். ஆனால் அவர்களிடம் பேசாமலே விட்டுவிடக் கூடாத ஒரு விஷயம் உண்டு: இறுதிச் சடங்கு. முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால், துக்கத்தில் இருக்கும் உறவினர்கள் தங்களுக்குத் தெரிந்த தேவாலயத்துக்கே உடலைக் கொண்டுபோவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் ராணுவத்தினரின் அரசுக் கல்லறைக் கற்களில் தோரின் சுத்தியல் சின்னம் 2013 முதல் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் குடும்பம் கேட்டால்தான் அது கல்லில் ஏறும். சடங்கை யார் நடத்த வேண்டும், கல்லில் எந்தச் சின்னம், எதைப் படைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, வீட்டாருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.