உழாத நிலத்தில் களைக்கொல்லி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உழுகிற நிலத்தில் மருந்துக்குத் தப்பிய களையைக் கலப்பை பார்த்துக்கொள்ளும். உழாமல் விதைக்கும்போது அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும்.

பலர் மருந்தைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு தண்ணீரில் இருக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது களையைக் கொல்லாது. கலங்கிய குட்டைத் தண்ணீரும், புழுதி படிந்த இலையும் மருந்தை வீணாக்குவது இப்படித்தான். சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீரிலும் அதே கதை. கடின நீர் என்றால் அம்மோனியம் சல்பேட் உரம் போட்டால் சரியாகும்: 16 லிட்டர் டேங்கிற்கு 160 முதல் 320 கிராம். ஆனால் அதை முதலில் கரைத்துவிட்டு, பிறகே கிளைபோசேட்டை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் பலன் குறையும்.

அடுத்தது நடை. நாசில் நிமிடத்துக்கு 1.2 லிட்டர் விடுகிறது, தெளிப்பு அகலம் 1 மீட்டர், நொடிக்கு 1 மீட்டர் நடக்கிறீர்கள் என்றால் எக்டேருக்கு 200 லிட்டர் ஆகும். ஒரு டேங்க் 800 சதுர மீட்டர் வரும். களைத்துப்போய் நொடிக்கு முக்கால் மீட்டராக நடை தளர்ந்தால் அதே டேங்க் 600 சதுர மீட்டரிலேயே தீர்ந்துவிடும். மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வேகமாக ஓடினால் அரைகுறை அளவு. வெறும் தண்ணீரை ஊற்றி ஒருமுறை நடந்து அளந்துகொள்ளுங்கள்.

அரைகுறை அளவில் பிழைத்த களை விதை போடும். மருந்துக்குச் சாகாத எதிர்ப்புத்திறன் களையில் வளர்வதற்கு அதுவும் ஒரு வழி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சோயா வயல்களில் கிளைபோசேட்டை மட்டுமே நம்பியிருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2000 வாக்கில், கொனைசா களை அதற்குச் சாகாமல் நின்றது. காற்றில் பறக்கும் பொடி விதை அது. மண்ணின் மேலேயே கிடந்து முளைக்கும். உழாத நிலம் அதற்குக் கொண்டாட்டம். தண்டு நீள்வதற்கு முன், இலைவட்டமாகத் தரையில் படர்ந்திருக்கும்போதே அடிக்க வேண்டும். மருந்து மாற்றுவது என்றால் பெயரை மாற்றுவதல்ல, வேலை செய்யும் விதத்தை மாற்றுவது. புட்டியில் மூலப்பொருள் பெயரைப் பாருங்கள்.

களை முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் மருந்து, நிலத்தில் கிடக்கும் வைக்கோலிலேயே தங்கிவிடும். வைக்கோலைச் சீராகப் பரப்பி, தண்ணீர் அளவைக் கூட்டி அடியுங்கள். அதன்பின் லேசான பாசனம் வேண்டும்.

உழவை நிறுத்தினாலே ஆற்று நீர் சுத்தமாகிவிடும் என்பது பாதி உண்மை. மண் அரிப்பு குறையும். மண்ணோடு ஒட்டிப் போகிற மருந்தும் குறையும். ஆனால் உழாத மண்ணில் மண்புழு வழிகள் சிதையாமல் இருக்கும். அடித்த மறுநாளே கனமழை பெய்தால் அட்ரசின் போன்ற கரையும் மருந்துகள் அந்தத் துளைகள் வழியே நேராகக் கீழே இறங்கும். மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள். டேங்கை வாய்க்காலில் கழுவவே கூடாது.

எதிர்ப்புக் களை திட்டாக நின்றால், விதை முற்றுமுன் அந்த இடத்தை மட்டும் ஒருமுறை ஆழ உழுதுவிடலாம். அதற்காக வீம்பு பிடிக்க வேண்டியதில்லை. அடுத்த சில ஆண்டுகள் அங்கே கலப்பை படக்கூடாது. பட்டால், முன்பே மண்ணில் விழுந்து உழவில் புதைந்த விதை மேலே வந்துவிடும்.