இரு நூல்களில் இரு விடைகள்: மருத்துவ உரிமத் தேர்வுக்குப் படிப்பவர் எதை ஏற்பது?

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் திரும்பி, இந்தியாவில் மருத்துவம் பார்க்க உரிமம் பெறுவதற்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுடன் ஞாயிறுதோறும் கோபிசெட்டிபாளையத்தில் உட்கார்ந்து பாடம் பார்க்கிறேன். வாரந்தவறாமல் அங்கே ஒரு கேள்வி எழும்: "ஏனுங்கண்ணா, இந்தப் புத்தகத்துல ஒண்ணு, அந்தப் புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்குதுங்க. எதைங்க குறிக்கறது?" பலர் தடித்த நூலை நம்பிவிடுகிறார்கள், சிலர் மூன்றாவது நூலைத் திறந்து பெரும்பான்மை பார்க்கிறார்கள். இரண்டுமே சரியான வழியல்ல. முரண்பாட்டுக்குக் காரணம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகே விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: இரண்டு கூற்றுகளையும் சொல் மாறாமல் எழுதுங்கள்

நினைவிலிருந்து எழுதாமல், நூலைப் பார்த்து எழுதுங்கள். பாதி முரண்பாடுகள் இங்கேயே தீர்ந்துவிடும். சிறுநீர்ப் பாதைக் கல்லைக் கண்டறியச் சிறந்த பரிசோதனை எது என்ற வினாவுக்கு ஒரு நூல் சாய மருந்து செலுத்தாத சி.டி. ஸ்கேன் என்கிறது, மற்றொன்று அல்ட்ராசவுண்ட் என்கிறது. இரண்டாவது நூலை மறுபடி படித்தால், அது கர்ப்பிணியைப் பற்றிப் பேசுவது தெரியும். கடைகளில் கிடைக்கும் முந்தைய தேர்வு வினாத் தொகுப்புகளில் இந்தச் சிக்கல் மிகுதி. எஃப்.எம்.ஜி.இ. வினாத்தாள் வெளியிடப்படுவதில்லை என்பதால், அவை தேர்வெழுதியவர்களின் நினைவிலிருந்து திரட்டப்பட்டவை. ஒரு சொல் நழுவினாலும் விடை மாறிவிடும்.

படி 2: ஆண்டைப் பாருங்கள்

நூலின் அட்டையில் உள்ள ஆண்டு மட்டும் போதாது. புதிய பதிப்பிலும் பழைய அட்டவணை அப்படியே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சட்டமும் அரசுத் திட்டமும் தொடர்பான பாடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

தடய மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவர் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய இயலாமலோ 20 நாட்கள் இருந்தால் அதுவும் கொடுங்காயம் என்றது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் அது 15 நாட்கள். பிரிவு எண்ணை மட்டும் மாற்றி மனப்பாடம் செய்தவர் நாட்களின் எண்ணிக்கையில் தவறிவிடுவார். கருக்கலைப்புச் சட்டமும் அப்படியே: பழைய நூல்களில் 20 வார வரம்பு இருக்கும், 2021ஆம் ஆண்டுத் திருத்தம், குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு இரு மருத்துவர்களின் கருத்துடன் 24 வாரம் வரை அனுமதிக்கிறது. காசநோய்க்கு வாரம் மூன்று முறை மருந்து என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் தயங்காமல் அடித்துவிடுங்கள். இன்று தினசரி மருந்துதான்.

படி 3: எந்த நாட்டுக்காக எழுதப்பட்டது?

நம் பகுதியில் மஞ்சள் வயலிலோ கரும்புத் தோட்டத்திலோ ஒருவரைப் பாம்பு கடித்தால் என்ன முதலுதவி செய்வது? ஆஸ்திரேலிய முறையைச் சொல்லும் நூல், கடிபட்ட கை காலை அழுத்தமாகக் கட்டி அசையாமல் வைக்கச் சொல்லும். அங்குள்ள பாம்புகளில் பல, கடித்த இடத்தைப் பெரிதாகச் சிதைக்காமல் நரம்புகளையும் இரத்தத்தையும் தாக்குபவை. இங்கே நாம் அஞ்சும் கண்ணாடி விரியனின் நஞ்சோ கடிவாயிலேயே வீக்கத்தையும் திசு அழிவையும் உண்டாக்குவது. இறுக்கிக் கட்டினால் சேதம் கூடும். எனவே நம் நாட்டு வழிகாட்டுதல், கட்டு இறுக்காமல், எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் தட்டை (ஸ்பிளின்ட்) வைத்து அசைவை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்கிறது. இந்தியாவில் மருத்துவம் பார்ப்பதற்கான தேர்வில் இதுதான் விடை.

படி 4: யாருடைய வரையறை?

பிரசவத்தின் தீவிர நிலை கருப்பை வாய் எத்தனை செ.மீ. விரிந்ததும் தொடங்குகிறது? 4, 5, 6 ஆகிய மூன்றும் அச்சில் உண்டு. 4 என்பது பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடமான பழைய பார்ட்டோகிராஃபின் கணக்கு, 5 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை, 6 என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கருத்து. மூன்றையும் அவற்றுக்கு உரியவர்களின் பெயரோடு படித்து வைத்தால், வினா யாரைச் சுட்டுகிறது என்பதைப் பார்த்து விடையளிக்கலாம்.

படி 5: முடிவைத் தேதியோடு எழுதுங்கள்

தனிக் குறிப்பேட்டில் தேதியிட்டு, வினா, இரு விடைகள், நீங்கள் ஏற்றது, ஏற்றதன் காரணம் ஆகியவற்றை நான்கே வரிகளில் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் முரண்பாடு இன்னும் தீரவில்லை. அந்தத் துறை ஆசிரியரிடம் இரண்டு பக்கங்களையும் காட்டிக் கேளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே வினாவில் நிற்க வேண்டாம். மொத்தம் 300 வினாக்களில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. ஆகவே தீராத ஐயம் எதிர்ப்பட்டாலும், இந்திய வழிகாட்டுதலுக்கு நெருக்கமான விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.