மாதாமாதம் 299 ரூபாய் போன வழி

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்துடன் ஏற்காடு செல்வதற்காக நான் தனியே சேமித்து வந்த கணக்கிலிருந்து, ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி 299 ரூபாய் குறைந்துகொண்டிருந்தது. தண்டையார்பேட்டை நண்பன் ஒருவன் வற்புறுத்தியதால், 1 ரூபாய்க்கு ஒரு வாரம் என்று ஆசை காட்டிய உடற்பயிற்சிச் செயலியில் சேர்ந்ததன் விளைவு அது.

முதலில் செயலியை நீக்கினேன், பயனில்லை. டெபிட் கார்டை முடக்கினேன். பணம் யுபிஐ வழியாகச் சென்றதால் அதுவும் வீண். வாடிக்கையாளர் சேவையோ, என் எண்ணில் சந்தாவே இல்லை என்று மூன்று நாள் அலைக்கழித்தது.

பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் வரும் குறுஞ்செய்தியை நான் விளம்பரம் என்றே ஒதுக்கியிருந்தேன். ஏனெனில் அதில் செயலியின் பெயர் இல்லை, அதற்காகப் பணம் வசூலிக்கும் இடைநிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. அதே செய்தியில், தானாகப் பணம் எடுக்க நாம் தரும் ஒப்புதலை அடையாளம் காட்டும் யுஎம்என் என்ற நீண்ட எண்ணும் இருந்தது. எழுத்தும் இலக்கமும் கலந்த அந்தக் கோவையின் இறுதியில், அட் (@) குறிக்குப் பின் வரும் சிறு சொல், எந்தப் பணப்பரிமாற்றச் செயலியில் ஒப்புதல் தரப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. எனக்கு அது, ஓராண்டாகத் திறக்காத பழைய செயலி.

அதை மீண்டும் நிறுவி, அதே சிம்மில் பதிவுசெய்து, ஆட்டோபே (தானாகப் பணம் செலுத்தும்) பகுதிக்குச் சென்று, ஒப்புதலை ரத்துசெய்து யுபிஐ பின்னை இட்டேன். வேலை இரண்டு நிமிடம்தான். அடுத்த 7ஆம் தேதி, மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டை கடக்கையில் இருப்பைப் பார்த்தேன்: ஒரு ரூபாயும் குறையவில்லை.